காலடியில் நின்றவள்

ருக்குமணி முறுக்கினாள்.

கொழுந்துச் சாக்கிலிருந்து பிய்த்த நாடா தங்கராஜுவின் இடது தொடையைச் சுற்றியிருந்தது. அதற்குள் செருகிய கவாத்துக் குச்சியை அவள் இரண்டு கையாலும் திருகத் திருக, பீறிட்ட ரத்தம் ஒழுக்காகி, ஒழுக்கு சொட்டாகியது. பக்கத்தில் லோரி தலைகீழாகக் கிடந்தது. மூட்டைகள் வெடித்து, காலையில் பறித்த கொழுந்தெல்லாம் சரிவில் சிதறியிருந்தது. ஒரு வாரமாக விடாத மழையில் பாதையோரம் அப்படியே பெயர்ந்து, லோரியையும் அதை ஓட்டிவந்த தங்கராஜுவையும் தேயிலைக்குள் உருட்டிவிட்டது. மேல் நிரையில் கொழுந்து வெட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்த ருக்குமணிதான் முதலில் பார்த்தாள். மிஷினைப் போட்டுவிட்டு, செடி இடுக்கில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள்.

"அடியே, தொடாதடி! காப்பு கட்டுன ஒடம்புடி அது!"

பாதையிலிருந்து கத்தியவள் வேலாயி. தங்கராஜுவைப் பெற்றவள்.

தங்கராஜுவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஈரமாக ஒட்டியிருந்தது. தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு அலகு குத்தி நடப்பதாக நேர்ந்து, கொடியேற்றத்தன்று கட்டிய காப்பு. அதை அவிழ்க்கும்வரை புருஷன் ஒரு பாய், பெண்டாட்டி ஒரு பாய். பெண்டாட்டி ருக்குமணியின் விரல்கூடப் படக்கூடாது.

"தொடலன்னா செத்துருவாரு, அத்த!"

"பூசாரி! நீயாச்சும் சொல்லு லா!"

கோயிலில் பூசாரி, மற்ற நாளில் தேயிலை ஆலையில் வேலை. அவர்தான் சாமிநாதன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி வந்தவர் ரத்தத்தைப் பார்த்தார். ஆகமம் பேச நேரமில்லை.

"ஆத்தா கோவிச்சா நான் பாத்துக்கறேன். நீ இறுக்கு, தாயி!"

தங்கராஜு கண்ணைத் திறந்தான். தோட்டத்திலேயே வாய் ஓயாதவன் அவன்; வேலை வாங்கும் மண்டோர்கூட அவன் வாய்க்குத் தப்பியதில்லை. உதடு வெளுத்துப் போயிருந்தும் விடவில்லை.

"பூசாரி… மண்டோர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்கு எனக்கு அரை நாள் லீவு."

அப்புறம் கண் சொருகிவிட்டது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், உடைந்திருந்த இடுப்பை இறுக்கிக் கட்டினார்கள், மலைக்குக் கீழே ஈப்போவுக்கு அனுப்பினார்கள். திரிங்காப் மலை வளைவுகளில் காய்கறி லோரிகள் வால்பிடித்து நின்றன. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும், ஒவ்வொரு லோரியாக மண்ணுக்குள் இறங்கி ஒதுங்கியது. கோஸ் ஏற்றிய லோரிக்காரன் ஒருவன் இறங்கி நின்று, முன்னால் நிற்கிறவர்களைக் கை வீசி விரட்டினான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ருக்குமணி அந்த முகம் தெரியாதவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடித்து வந்த டாக்டர் சொன்னது நல்ல சேதி. இடுப்பெலும்பை இரும்புக் கம்பி போட்டு நிறுத்தியாகிவிட்டது. கால் தப்பியது. அந்த நாடா மட்டும் இல்லாதிருந்தால் பாதி வழியிலேயே முடிந்திருக்கும்.

வேலாயி அதைக் காதில் வாங்கவில்லை. "இவ தொட்டதுக்கு ஆத்தா என்ன பண்ணப் போறாளோ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் போயிற்று. ஆத்தா பண்ணியதோ, உடம்பு பண்ணியதோ, தங்கராஜு எரிய ஆரம்பித்தான்.

காய்ச்சல் ஏறியது. ரத்தத்தைச் சோதித்தார்கள், சளியைச் சோதித்தார்கள், காயத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. மூச்சு இரைத்தது. மூத்திரம் குறைந்தது. முகம் பூசணிக்காயாக ஊதியது. தொண்டைக்குள் குழாய் இறங்கியது. மூச்சை மிஷின் விடத் தொடங்கியது.

வராந்தாவில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் டாக்டர் நாடியா வந்து, இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாடியா தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலீம் பாயின் மகள். இந்த வார்டில் மூச்சு மிஷின்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

"அக்கா, மறைக்காம சொல்றேன். நிலைமை சூசாதான், ரொம்ப சிரமம்."

"காயம் ஆறுதுன்னாங்களே, டாக்டர்?"

"காயம் ஆறுது. உடம்புதான் அடங்க மாட்டேங்குது. லயத்து வீட்டுல தீ புடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"எல்லாரும் வாளியத் தூக்கிட்டு ஓடுவோம்."

"தீ அணைஞ்ச பிறகும் ஊத்திக்கிட்டே இருந்தா?"

ருக்குமணி யோசித்தாள். "சுவரு ஊறி விழுந்துரும்."

"அதேதான். அடிபட்ட இடத்தக் காப்பாத்த உடம்பு ஆள் அனுப்பிச்சு. வேல முடிஞ்சும் அவங்க நிறுத்தல. நுரையீரல், கிட்னி எல்லாத்தையும் ஊற வச்சிட்டாங்க. அழற்சின்னு சொல்லுவோம்."

"போதும்னு சொல்ல ஒரு மண்டோர் இல்லையா?"

நாடியா நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கான். மூளையில இருந்து கழுத்து வழியா நெஞ்சு, வயிறு வரைக்கும் ஒரு நரம்பு இறங்குது. வேகஸ்னு பேரு. அதுக்கு அந்த வேலையும் உண்டு. இவ்வளவு பெரிய அடியில அவன் குரல் எடுபடல. முழங்காலுக்குக் கீழ மெல்லிசா ஊசி வச்சு, அதுல லேசா கரண்ட் விட்டா, சேதி முதுகுத்தண்டு வழியா மேல போயி அந்த நரம்ப எழுப்புமான்னு பாக்கறோம். எலிக்கு வேல செஞ்சிருக்கு. மனுஷனுக்கு உறுதியா தெரியாது. அதுக்குத்தான் இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது."

"ஊசியா?" வேலாயி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "எம்மவன் அலகு குத்துறவன். ஊசிக்கெல்லாம் பயப்பட மாட்டான். கரண்டுதான்…"

"டார்ச் லைட்டு பேட்டரி அளவுகூட இல்ல, பாட்டி. ஆனா ஒண்ணு சொல்லணும். பாதிப் பேருக்குத்தான் கரண்ட் போகும். மீதிப் பேருக்கு ஊசி இருக்கும், பெட்டியில விளக்கு எரியும், கரண்ட் வராது. மத்த வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான். யாருக்கு எந்தப் பெட்டின்னு எனக்கும் தெரியாது, ஊசி வைக்கிறவங்களுக்கும் தெரியாது."

"ஏன் தெரியக்கூடாது?" ருக்குமணி கேட்டாள்.

"தெரிஞ்சா நாங்களே ஒருத்தர நல்லா பாப்போம், ஒருத்தர விட்டுருவோம். அதனால நடுவுல யாருக்காச்சும் தெரிஞ்சிட்டா, அந்த நோயாளிய ஆராய்ச்சியில இருந்து எடுத்துருவோம். பெட்டியும் அன்னைக்கே போயிரும்."

வேலாயி சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

"பாதிக்குப் பாதியா? அடி ருக்கு, கேட்டுக்க. நம்ம பாட்டன் காலத்துல இருந்து நல்ல பாதி என்னைக்குடி நம்ம பக்கம் வந்துச்சு? கரண்டு துரைக்கு. வெறும் ஊசி கூலிக்கு. முன்னாடியே எழுதி வச்சிருப்பானுங்க."

"கம்ப்யூட்டர் எடுக்கற சீட்டு, பாட்டி. துரை யாரு, கூலி யாருன்னு அதுக்குத் தெரியாது."

"அதையும் ஒரு துரைதானே செஞ்சிருப்பான்?"

ருக்குமணி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குச் சம்மதம், டாக்டர்."

"அடியே!"

"வெறும் ஊசியா இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது, அத்த. இன்னொண்ணா இருந்தா…"

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள்.

அன்று பிற்பகலே பெட்டி வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சீனப் பெண்மணி ஒருத்தி வந்து, அடிபடாத வலது காலில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக, முடியை விட மெல்லிய ஊசிகளை இறக்கினாள். ஊசிகளில் ஒயரை மாட்டினாள். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பச்சைத் துணியால் மூடினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

கூட ஒருவர் நிற்கலாம் என்றார்கள். வேலாயிக்கு அந்தக் குழாய்களைப் பார்த்தால் தலை சுற்றியது. ஆனால் கதவருகே நின்று சட்டம் போட்டாள்.

"போறவ போ. தலைமாட்டுப் பக்கம் போகாத. கையப் புடிக்காத. காப்பு இன்னும் அவுக்கல. பொண்டாட்டி தொடுறதுன்னா காலத்தான் தொடலாம். ஏற்கெனவே ஒருக்கா தீட்டாக்கினது போதும்."

வார்டுத் தாதி வாயைப் பிளந்தாள். ருக்குமணி கட்டிலின் காலடியில் போய் நின்றாள். பெட்டியின் விளக்கு அணைகிற வரைக்கும் அங்கேயே, குனிந்த தலையோடு நின்றாள்.

வெளியே வந்தபோது சலீம் பாய் காத்திருந்தார். மகளுக்கு என்று மலையிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர், இப்போது மூன்று பொட்டலம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விபத்து நடந்ததிலிருந்து ருக்குமணி தேத்தண்ணியைத் தவிர எதையும் தொட்டதில்லை.

"ரெண்டு வாய் மக்கான் பண்ணும்மா. நீ விழுந்துட்டா யாரு பாக்கறது?"

ருக்குமணி பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டி சானாய். பருப்புக் குழம்பில் தோய்த்து ஒன்றைத் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். சலீம் பாய் தன் பங்கையும் நகர்த்தி வைத்தார். அதையும் தின்றாள்.

வேலாயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புருஷன் அங்க மிஷின்ல மூச்சு விடுறான். இவளுக்குப் பசிக்குது!"

"விடுங்க பெரியம்மா. என் கை ராசி. செத்தவனுக்கே பசி எடுக்கும்."

"உங்க ரொட்டிய கொற சொல்லல, பாய். இவ வயித்தச் சொல்றேன்."

ருக்குமணி விரலை நக்கிக்கொண்டு எழுந்து கை கழுவப் போனாள்.

பெட்டி தினமும் வந்தது. தினமும் அவள் காலடியில் நின்றாள். தங்கராஜுவிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை.

சேதி மலையேறித் தோட்டத்துக்கு எட்டியது. லயம் முழுக்க ஒரே பேச்சு. தங்கராஜுவுக்குக் கிடைத்தது வெறும் ஊசி என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. நாடாவை இறுக்கியபோது வீரியாக இருந்த ருக்குமணி, இப்போது புருஷனைச் சோதனைக்குக் கொடுத்தவள் ஆகிவிட்டாள். பார்க்க வந்த பெண்கள் வேலாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ருக்குமணியின் பக்கம் திரும்பி, "எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மிக மோசமான நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காய்ச்சல் இறங்க மறுத்தது. மூத்திரப் பையில் ஒரு குவளைகூட இல்லை. நாளைக்குள் திரும்பாவிட்டால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மிஷினும் போட வேண்டிவரும் என்றாள் நாடியா.

வேலாயி எழுந்தாள். விபூதி கொண்டுவந்திருந்த சாமிநாதனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாடியாவின் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரு, அந்தப் பொம்மப் பெட்டிய எடுங்க. நெசப் பெட்டியப் போடுங்க. இல்ல, என் மவன ஆராய்ச்சியில இருந்து விடுங்க."

"மாத்த முடியாது, பாட்டி. நிறுத்த முடியும். அக்கா இப்ப வேணாம்னு சொன்னாலே நிறுத்திருவேன்."

எல்லோரும் ருக்குமணியைப் பார்த்தார்கள்.

"பெட்டி இருக்கட்டும்," என்றாள்.

"ருக்கு," சாமிநாதன் குரலைத் தணித்தார். "பெத்தவ கேக்கறா லா. ஒண்ணுமில்லாத பெட்டிய வச்சுக்கிட்டு என்னத்துக்குப் புடிவாதம்?"

"இருக்கட்டும், பூசாரி."

"எதுக்குடி இருக்கட்டும்?" வேலாயியின் குரல் வார்டு வாசலையே திரும்பிப் பார்க்க வைத்தது. "சொல்லுடி! அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? தாலி உன் கழுத்துல. ஆனா புள்ள என் வயித்துல இருந்து வந்தது!"

ருக்குமணியின் வாய் திறந்தது. நாடியாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டது.

"எனக்கு என்ன தெரியும், அத்த," என்றாள். கண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "பெட்டி இருக்கட்டும்."

வேலாயி அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை, மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்த தாதி, "ஓய்!" என்றாள்.

பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

பிற்பகலில் காய்ச்சல் ஒரு படி இறங்கியது. மறுநாள் இன்னொரு படி. மிஷின் விடும் மூச்சுக்கு நடுவே ஒரு மூச்சு தானாக வந்தது. பிறகு அடுத்தடுத்து வந்தன. முகத்து வீக்கம் வற்றி, பூசணிக்காய்க்குள்ளிருந்து தங்கராஜு மெல்ல மெல்ல வெளிப்பட்டான். வேலாயி வார்டு வாசலிலேயே தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறாள் என்று தெரியாமல் அந்தப் பக்கம் போன மலாய்க்காரத் தாதி கூச்சத்தோடு ஒதுங்கிப் போனாள்.

குழாயை எடுத்த அன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ருக்குமணி காலடியில். தங்கராஜு உதட்டை நனைத்துக்கொண்டான். குரல் மணல் தேய்ப்பது போல வந்தது.

"மண்டோர்… லீவு குடுத்தானா?"

சலீம் பாய் அழுதுகொண்டே சிரித்தார். சாமிநாதன் காப்பைத் தானே அவிழ்த்தார்.

"திருவிழா முடிஞ்சு போச்சுடா. ஆத்தா உன்ன அடுத்த வருஷத்துக்கு எழுதிக்கிட்டா."

அடுத்த வருஷமும் வந்தது.

அலகு வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பால்குடம் எடுக்கலாம் என்றார்கள். தங்கராஜு கையில் கம்போடு, தலையில் குடத்தோடு, இடது காலைச் சற்றே இழுத்தபடி லயத்திலிருந்து கோயில்வரை ஏறினான். உருமி மேளம் அவன் வேகத்துக்குத் தாளத்தை இறக்கி அடித்தது. ஒவ்வொரு லயத்து வாசலிலும் காலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். பனி கலைந்து வெயில் விழுந்தது. மலை மடிப்பெல்லாம் கொழுந்து பளபளத்தது. மூச்சு வாங்கினாலும் அவன் வாய் மூடவில்லை.

"வழி விடுங்க லா, கரண்டு மனுஷன் வர்றேன்! தொட்டா ஷாக்கடிக்கும்!"

"கரண்டாவது கத்திரிக்காயாவது," பின்னால் நடந்த கிழவர் ஒருவர் சொன்னார். "உனக்குப் போட்டது வெறும் ஊசிடா. உன்னப் பெத்தவளே சொல்லிருக்கா."

"நான் ஊட்டுன ரசத்துல பொழச்சான்," என்றார் சலீம் பாய்.

"ஆத்தாதான் பொழைக்க வச்சா," என்றார் சாமிநாதன்.

அன்னதானப் பந்தலில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கும்போது நாடியாவின் கார் வந்து நின்றது. அவள் இறங்கியதுமே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆராய்ச்சி முடிந்து விட்டது, பெட்டிகளின் ரகசியம் இந்த வாரம்தான் திறந்தது என்று சலீம் பாய் முன்பே பந்தல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"சொல்லு டாக்டரு," வேலாயி கரண்டியோடு வந்தாள். "வெறும் ஊசிதானே?"

"முதல்ல முடிவைச் சொல்றேன், பாட்டி. கரண்ட் வாங்குனவங்க மூச்சு மிஷின்ல இருந்து கொஞ்சம் சீக்கிரம் வெளிய வந்திருக்காங்க. அழற்சியும் கம்மி. சின்ன ஆராய்ச்சிதான். இன்னும் பெருசா பண்ணிப் பாக்கணும். பண்ணப் போறோம்."

"அது கெடக்கட்டும். எம்மவன்?"

நாடியா தங்கராஜுவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கரண்ட். முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும்."

பந்தல் கூரை பறக்காததுதான் பாக்கி. சோற்றுக்குக் காத்திருந்த உருமிக்காரர்கள் மேளத்தைத் தூக்கினார்கள். தங்கராஜு கம்பை உயர்த்திக் காட்டினான். "நல்ல பாதி! நல்ல பாதி வந்துச்சு லா நமக்கு!" என்று யாரோ கத்தினார்கள். அது பந்தலைச் சுற்றி வந்தது. வேலாயி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ருக்குமணி மட்டும் அந்தப் பிடிக்குள் நின்றபடியே சோற்றைக் கிளறி, நீராவி போக்கிக்கொண்டிருந்தாள்.

நாடியா கவனித்துவிட்டாள்.

"என்னக்கா? உங்களுக்கு ஆச்சரியமே இல்லையா?"

"எனக்கு மொத நாளே தெரியும், டாக்டர்."

மேளம் பாதியில் நின்றது.

"எப்படி? நாங்களே யாரும்…"

"கணுக்கால் வரைக்கும்தானே துணி போட்டீங்க. நான் அவரு ஊசி வச்ச காலோட பெருவிரலப் புடிச்சிட்டு நின்னேன். கண்ணுக்குத் தெரியாது. கைக்குள்ள மட்டும் விர்ரு விர்ருன்னு ஓடுச்சு. விளக்கு அணைஞ்சதும் நின்னுச்சு. தெனமும் அப்படித்தான்."

நாடியா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா. அடுத்த ஆராய்ச்சியில விரலையும் மூடணும்."

வேலாயி இன்னும் மருமகளின் முகத்தை விடவில்லை.

"மொத நாளே தெரியுமா? அன்னைக்கு வராந்தாவுல நான் அந்தப் பேச்சு பேசினேனே. லயமே உன்னக் காறித் துப்புச்சே. எங்காதுல மட்டுமாச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாடி?"

"சொல்லியிருந்தா பெட்டிய எடுத்துட்டுப் போயிருப்பாங்க, அத்த."